இலவசக் கட்டில்

அலுமாரியில் பட்டு வேட்டியைத் தேடிக்கொண்டிருந்த குணேஸ்வரியின் முதுகுக்குப் பின்னால் பூரணம் மச்சாள் மறுபடியும் தொடங்கிவிட்டாள். ஊருக்கெல்லாம் மருந்து விற்ற தன் தமையனை இலவசக் கட்டிலில் கிடத்திச் சாகவிட்டாளாம். தனியார் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பாராம். சாவுச் செய்தி வந்ததிலிருந்து அதே எண்ணம்தான் குணேஸ்வரியையும் அரித்துக்கொண்டிருந்தது.

அவள் புருசன் சோமசேகரம் திருகோணமலைக் கடைத்தெருவில் பாமசி என்ற மருந்துக்கடை வைத்திருந்தவர். அரசாங்கம் மருந்துக்கு விலை கட்டினாலும் கோபம், சென்றிக் காவலரணில் நிற்கிற ஆமிக்காரன் மருந்துப் பெட்டிக்கு அனுமதிக் கடிதம் கேட்டாலும் கோபம். வியாபாரியைச் சும்மா விட்டால் சனத்துக்கு எல்லாம் கிடைக்கும் என்று ஓயாமல் பாடுவார். அப்பேர்ப்பட்ட மனுசன் நெஞ்சுவலியோடு அரசாங்க ஆசுபத்திரியில் போய் விழுந்தால், பக்கத்துக் கட்டிலில் யார்? கிண்ணியா அரசாங்க ஆசுபத்திரியில் மருந்து கொடுத்து ஓய்வுபெற்ற அபூதாஹிர்! பிறகென்ன, சனத்துக்கு உதவுவது வியாபாரியா அரசாங்கமா என்று விடிந்தால் பொழுதுபட்டால் இருவருக்கும் வாய்ச்சண்டை. தாதிமார் வந்து அதட்ட வேண்டியிருந்தது. சோமசேகரத்துக்கோ வலி மறந்து முகம் பளிச்சென்று இருந்தது. தனியாருக்கு மாற்றுவோம் என்று அவள் கெஞ்சியபோது கையைப் பிடித்துக்கொண்டார்.

"சும்மா இரும். இந்தாளுக்கு நான் இன்னும் சொல்லி முடிக்கேல்லை."

பின்னேரம் அபூதாஹிரே வந்தார். ஆசுபத்திரியில் வீட்டுக்குப் போகத் துண்டு வெட்டிக்கொண்டு, கிண்ணியாவுக்குப் படகேறத் துறைக்குப் போகாமல், நேரே செத்தவீட்டுக்கு வந்திருந்தார். பிரேதத்தின் கால்மாட்டில் நின்றுவிட்டு, போட்ட கதிரையில் உட்கார்ந்தார்.

"தங்கச்சி, காலம தேத்தண்ணி குடிச்சிக்கிட்டு என்னோட வழக்குப் பேசினவரு. இல்லாதவனுக்கு இந்தக் கட்டில எந்த யாவாரி தருவான் எண்டு கேட்டன். 'பொறுங்கோ நானா, மறுமொழி இருக்கு' எண்டு என்னய அண்ணன் முறை சொல்லிச் சிரிச்சாரு. சிரிச்சபடியே சாஞ்சிட்டாரு. என்ன மறுமொழியெண்டுதான் தெரியாமப் போயித்து."

பூரணம் மச்சாள் விசும்பலை நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தாள். குணேஸ்வரிக்குக் கண் நிறைந்தது; மனம் ஆறியது. சிரித்துக்கொண்டு போயிருக்கிறார் மனுசன். கண்ணைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"மறுமொழி எனக்குத் தெரியும். கட்டில் அரசாங்கத்தின்ரதான். ஆனா, பாதை பூட்டி மருந்து லொறி வராத அண்டைக்கு உங்கள் ரெண்டுபேருக்கும் போட்ட ஊசிமருந்து எங்கட பாமசியில இருந்து நான் கொண்டுவந்தது. அதுக்கு என்ன சொல்லுறியள்?"

அபூதாஹிர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டார்.