லோனப்பன் முதலாளியின் நோன்புப் பாட்டு

கலூரில் மூன்றாம் மாடியில் இருந்த பைலியின் ஸ்டூடியோ ஒரு தீப்பெட்டி. நடுவே கண்ணாடி. இந்தப் பக்கம் கணினியும் பைலியின் தொந்தியும். அந்தப் பக்கம் மைக்கும் பாடுகிறவரும். அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்தப் பக்கம் நின்றவர் மரம் அறுக்கும் மில்லின் முதலாளி லோனப்பன். ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக்குச் சொந்தக் குரலில் ஒரு பாட்டு வெளியிடாமல் மோட்சம் கிடையாது என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். அவர் தொண்டையைத் திறந்தால் துறைமுகத்தில் கப்பல்கள் வழிவிடும். ஒரு வரியைச் சுதிக்குள் அடைக்கவே பைலி அதை நாற்பத்திரண்டு துண்டாக்க வேண்டும்.

"என் குரல் எனக்கே கேக்கலடா பைலி, கூட்டு!"

"இதுக்கு மேல கூட்டினா கோயில் மணி தானா அடிக்கும் முதலாளி."

காது மந்தமான மனிதர். உள்ளே அவர் ஹெட்ஃபோனுக்குப் போகும் சத்தத்தைப் பைலி முழுக்கத் திருகிவைத்தார்.

பாட்டுக்கு வயலின் சேர்ப்பவர் லோனப்பனின் அண்ணன் தேவசி. இதே மென்பொருளில், தன் வீட்டிலேயே வாசித்துச் சேர்ப்பார். பைலிக்கு முப்பது வருஷ சிநேகிதர், பெரிய சந்தேகப் பிராணி. பைலி வெட்டி அனுப்பிய ஒவ்வொரு துண்டின் ஓரத்தையும் திரையில் பிடித்து இழுத்து, வெட்டுப்பட்டது என்ன என்று பார்த்து, "மூச்சைக் கடிச்சிட்டியேடா" என்று வைத பிறகுதான் வில்லைத் தொடுவார்.

ஏழாவது முயற்சியில் லோனப்பன் கடைசி வரிவரை பாடிவிட்டார். அந்த அதிர்ச்சியிலும், கீழ்க்கடையின் பழம்பொரி வாசனையிலும் பைலி பதிவை நிறுத்தாமலே இறங்கிப்போனார். ஏசிக் காற்றுக்காக முதலாளியும் டிரைவர் கொச்சாப்புவும் மைக் அறையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

திரும்பி வந்து பார்த்தால் நாலு நிமிஷப் பாட்டு திரையில் இருபத்திமூணு நிமிஷமாக நீண்டு கிடந்தது. பைலி தலையில் அடித்துக்கொண்டு, பதிவை நிறுத்தி, ஹெட்ஃபோனை மாட்டி, பாட்டு முடிந்த இடத்திலிருந்து ஓடவிட்டார்.

"காலையில அஞ்சு மணிக்கு அண்ணன் மீன் பிடிக்க வருவாரு. படகோட அடி அடைப்ப லூசாக்கிட்டியா?"

"ஆச்சு முதலாளி. நடுக்காயல்ல தானா புடுங்கிக்கும்."

"நீச்சல் தெரியாத ஆளு. பாவம்."

பிறகு பதிவில் லோனப்பன் அந்த நோன்புப் பாட்டையே மெல்ல முனகினார். ஆயுசில் முதல் தடவையாக அச்சு அசலாய்ச் சுதியில் இருந்தது.

பைலியின் வாயில் பழம்பொரி கல்லாகிவிட்டது. அப்போதுதான் நினைவு வந்தது. தன் காதில் விழுவதெல்லாம் உள்ளே மாட்டியிருக்கும் ஹெட்ஃபோனிலும் விழும். முழுச் சத்தத்தில்.

கண்ணாடிக்கு அப்பால், ஆணியில் தொங்கிய ஹெட்ஃபோன் கொசு மாதிரி இரைந்துகொண்டிருந்தது. கொச்சாப்பு கைகாட்ட, லோனப்பன் அதை எடுத்தார். நிதானமாகக் காதில் வைத்தார். கேட்டார். பிறகு தலையைத் திருப்பிப் பைலியைப் பார்த்தார்.

மைக் இன்னும் உயிரோடுதான் இருந்தது. அவர் குரல் பைலியின் காதுக்குள்ளேயே வந்தது.

"பாட்டு நல்லா வந்திருக்குடா. பின்னாடி இருக்கறத வெட்டிடு."

இருவரும் இந்தப் பக்கம் வந்து பைலியின் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். பைலி பாட்டின் ஓரத்தைப் பிடித்து உள்ளே தள்ளினார். பத்தொன்பது நிமிஷம் திரையிலிருந்து மறைந்தது. மறைந்தது திரையில் மட்டும்தான். பதிவு கோப்புக்குள் முழுசாக இருந்தது; ஓரத்தைப் பிடித்து இழுத்தால் திரும்ப வந்துவிடும். மரம் அறுத்துப் பழகின முதலாளிக்கு வெட்டினால் வெட்டினதுதான்.

மேசையில் போன் அடித்தது. தேவசி. கொச்சாப்பு அதை எடுத்து ஸ்பீக்கரில் போட்டான்.

"எடா பைலி, பாட்டு எங்க? வில்லுக்குப் பிசின் தேச்சு தேச்சு கை தேஞ்சுபோச்சு!"

லோனப்பன் குனிந்து சிரித்தார். "இப்ப வந்துடும் அண்ணே. முழுசா அனுப்பச் சொல்லிட்டேன்." போனை அணைத்தார். "அனுப்புடா. சந்தேகம் வரக் கூடாது."

பைலி முழுக் கோப்பையும் அனுப்பினார். நீலக் கோடு நத்தையாய் ஊர்ந்தது. கொச்சாப்புவின் விரல் மின்சார ஸ்விட்சைத் தடவியது.

"அணைச்சிடவா?"

"முடியட்டும்டா. அண்ணன் கேட்டாருல்ல?"

நூறு ஆனது. விளக்கு அணைந்தது. கனத்த கை ஒன்று பைலியின் தோளில் உட்கார்ந்தது.

"நீந்தத் தெரியுமா பைலி?"

"தெரியாது முதலாளி."

"நல்லதாப் போச்சு. ராத்திரி மில்லுலயே தங்கிக்க. காலையில நீயும் படகுல வா."

படியிறங்கும்போது, தேவசி இன்றைக்குக் குறை கண்டுபிடிக்கும் குணத்தோடு இருக்க வேண்டுமே என்று, முப்பது வருஷத்தில் முதல் தடவையாகப் பைலி மாதாவை வேண்டிக்கொண்டார்.