கம்பி போடாத பொனட்

எஞ்சினிலும் ஒரு பொட்டு வைக்கவேண்டும், பொனட்டைத் திறவுங்கோ என்றார் கார்ப் பூசைக்கு வந்த ஐயர். கிருபாகரன் உள்ளே குனிந்து லீவரை இழுத்தான். முன்விளிம்பு ஒரு விரலளவு எழும்பி நின்றுவிட்டது. தூக்கிப் பார்த்தான், தட்டிப் பார்த்தான். வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியது. கொட்டாஞ்சேனைக் கோயில் வாசலில் அவனுடைய சொந்தமெல்லாம் கூடி நின்றது.

அவன் மனைவி துஷ்யந்தி பேசாமல் இருந்திருக்கலாம். ஒருகொடவத்தையில் அப்பாவின் கராஜில் வளர்ந்தவள், கை முந்திக்கொண்டது. இடுக்கில் விரலை விட்டு உள்ளிருந்த கொக்கியைத் தள்ளினாள். பொனட் எழும்பியது.

"ஓடேக்க காத்துக்குத் திறந்து கண்ணாடியில அடிக்காம இருக்கத்தான் இந்த ரெண்டாவது கொக்கி," என்றாள்.

"கிருபா, மனிசியை ட்ரைவர் சீட்டில இருத்து. நீ தேங்காயைப் பிடி," என்றார் அவனுடைய சித்தப்பா.

எல்லோரும் சிரித்தார்கள். கிருபாகரனும் சிரித்தான், வெளியாட்களுக்கென்று அவன் வைத்திருக்கும் அந்தச் சிரிப்பு அவளுக்குத் தெரியும். காலி வீதியால் வீட்டுக்குக் காரை ஓட்டினான். நாளைக்கு விருந்தாட்கள் வருகினம், முகத்தில் அடிக்கமாட்டான் என்று அவள் கணக்குப் போட்டாள். முதுகாக இருக்கும். முதுகென்றால் சமாளிக்கலாம். இப்படி யோசிக்கப் அவள் பழகிவிட்டாள்.

வெள்ளவத்தையில், வீட்டுக்குக் கீழே காரை நிறுத்தியதும் அவன் சொன்னான்.

"இறங்குங்கோ ரீச்சர். எனக்கும் ஒருக்காப் படிப்பியுங்கோ."

பொனட்டைத் திறந்து, அது விழாமல் நிறுத்தும் தாங்குகம்பியை எடுக்கப் போனாள்.

"கம்பி வேண்டாம். நான் பிடிக்கிறன். பூட்டு எங்க? கையை வச்சுக் காட்டு."

வைத்தாள். எஞ்சினின் சூடு முகத்தில் அடித்தது.

"இதென்னத்துக்கு, இந்த மூடி?"

"எஞ்சினை மூட."

"வேற?"

"எங்கயும் இடிச்சா இது மடியும். உள்ள இருக்கிறவைக்கு அடி குறையும்."

"வெளிய நிக்கிறவைக்கு?"

விட்டான். பொனட் அவள் கைமேல் விழுந்தது போதாதென்று இரு கையாலும் அமத்தினான். எலும்பு முறிவதை அவள் முழங்கைவரை உணர்ந்தாள். தன் தொண்டையிலிருந்து வந்த சத்தம் யாருடையதோ போலிருந்தது.

கீழ்வீட்டு நளீபா, கையிலிருந்த துணியோடு ஓடிவந்து அவனைத் தோளால் இடித்துத் தள்ளிப் பொனட்டைத் தூக்கினாள். மூன்று விரல்கள் தம்பாட்டுக்கு வளைந்து தொங்கின.

"கம்பி நழுவிட்டுது, ராத்தா," என்றான் கிருபாகரன்.

நளீபா துஷ்யந்தியைப் பார்த்தாள். குளியலறை வழுக்கியது, அலுமாரிக் கதவு இடித்தது, படி தவறியது எல்லாவற்றையும் இந்த முகத்துக்குத்தான் துஷ்யந்தி சொல்லியிருக்கிறாள். நளீபாவும் ஒவ்வொரு தடவையும் தலையாட்டியிருக்கிறாள். இதற்கும் ஆட்டுவாள். அதற்குப் பிறகு அவனோடு மேல்வீட்டுக்கு ஏறவேண்டும், கதவைச் சாத்தவேண்டும்.

"கம்பி போடவே இல்ல, ராத்தா. அது அதிட இடத்திலயே கிடக்குது, பாருங்கோ. அவர் பிடிச்சிருந்தவர். விட்டவர். பிறகு அமத்தினவர்."

நளீபா துணியை அவள் கையில் சுற்றினாள். "நட புள்ள. மொதல்ல ஆஸ்பத்திரி. பொறகு பொலிஸ்."

ஒழுங்கை முனையில் முச்சக்கரவண்டியில் ஏறும்போது துஷ்யந்தி திரும்பிப் பார்த்தாள். கிருபாகரன் குனிந்து, பொனட்டின் விளிம்பில் எங்கேனும் நெளிந்திருக்கிறதா என்று விரல்நுனியால் மெல்லத் தடவிக்கொண்டிருந்தான்.