பெடலில் சுற்றிய துணி

சூளகிரி லைன் வீடுகளுக்கு எதிரே முதல் ஷிப்ட் பஸ் வந்து நின்றபோது என் வலது கட்டைவிரல் மரத்துப் போயிருந்தது. விளக்கெண்ணெய் தடவி, மணிக்கட்டில் துணி சுற்றி, மறுபடி டேப்லெட் பேனாவைப் பிடித்தேன். அடுப்புக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். அதுதான் என் தொழிற்சாலை. இங்கே சங்கு ஊதாது, லீவு கிடையாது. வீட்டுக்காரரின் கம்பெனியில் ஆள் குறைத்ததிலிருந்து எங்கள் அடுப்பு எரிவது இந்தப் பேனாவால்தான்.

ஹெல்மெட் போடு, கையுறை போடு என்று கம்பெனிச் சுவர்களில் தொங்குமே, அந்தப் பாதுகாப்புப் படங்களை வரைகிறவள் நான். அவற்றை வரைகிறவர்களும் தொழிலாளிகள்தான் என்று யாருக்குத் தோன்றும்? படத்தில் எங்கள் பேர் இருக்காது. வேலை கொடுப்பவர் ஓசூரில் ஆபீஸ் வைத்திருக்கும் ஸ்ரீராம். கோடு நான் போடுவேன். வண்ணம் வேறொருவர், எழுத்து இன்னொருவர். ஃபைல் கைமாறுமே தவிர முகம் பார்த்ததில்லை. பார்த்தால் கூலியைப் பற்றிப் பேசிவிடுவோமே.

அன்றைக்கு வந்தது, தகட்டை அழுத்தி வெட்டும் பவர் பிரஸ் மெஷினின் போட்டோ. அதை வைத்து வரைய வேண்டிய படம்: ஒரு பெண் தொழிலாளி, கை உள்ளே போகாமல் தடுக்கும் பாதுகாப்புக் கவரைக் கழற்றுகிறாள், அவள்மேல் சிவப்பில் பெருக்கல் குறி. இப்படி வேண்டுமாம். போட்டோவில் கவரே இல்லை, போல்ட் துளைகள்தான் இருந்தன. போன் போட்டுக் கேட்டேன்.

"கவரை நீங்களே சேர்த்துக்குங்க," என்றார் ஸ்ரீராம்.

சேர்த்தேன். கேள்வி கேட்டால் அடுத்த வேலை வராது என்ற பயம் கையிலேயே ஊறிவிட்டது. மற்றதெல்லாம் போட்டோவில் இருந்தபடியே வரைந்து அனுப்பிவிட்டு, சீப்போடு பக்கத்து வீட்டுக்குப் போனேன்.

சென்னம்மா ஜவளகிரிக்காரி. போன வாரம் பிரஸ்ஸில் அவளுடைய வலது கை விரல்கள் போனதிலிருந்து தலை பின்னிவிடுவது நான்தான். பாதிப் பின்னலில் போன் அடித்தது. ஸ்ரீராமின் கரெக்‌ஷன்: 'அந்தப் பெண் முகத்தில் அலட்சியம் இன்னும் கூட வேண்டும்.' படத்தைத் திறந்தேன். சென்னம்மா எட்டிப் பார்த்தாள்.

"இது எங்க பிரஸ்ஸு."

"பிரஸ்ஸு எல்லாம் ஒரே மாதிரிதான இருக்கும்?"

"பெடல்ல துணி சுத்தியிருக்குது பாரு. என் பழைய ரவிக்கைத் துணி. இரும்பு காலை அறுக்குதுன்னு நான்தான் கட்டினேன்." இடது கையால் படத்தைத் தொட்டுக் கேட்டாள். "இவ எதைக் கழட்டறா?"

"கவரை."

"கவரா? நான் சேர்ந்ததுல இருந்து அதுல கவரே கிடையாது. கவர் இருந்தா பீஸ் கம்மியா வருதுன்னு அவங்களே கழட்டிப் போட்டுட்டாங்க. நாளைக்கு விசாரணைக்கு கவர்மெண்ட் ஆபீசர் வர்றாரு பொற்கொடி. நான் கழட்டினேன்னா சொல்லப் போறாங்க? அப்ப எனக்கு நஷ்டஈடும் இல்ல, வேலையும் இல்ல."

பின்னல் என் கையில் அவிழ்ந்தது. அவள் விரலை எடுத்தது மெஷின். பழியை அவள்மேல் போட்டது என் கை.

வெளியே வந்து ஸ்ரீராமைக் கூப்பிட்டேன்.

"அந்தப் படம் வேண்டாம் சார். அது பொய்."

"சொன்னதை வரையறதுதாம்மா உங்க வேலை. பொய்யா நெசமான்னு பாக்கறது இல்ல."

"ஒருத்திக்கு விரல் போயிருக்கு சார்."

"நீங்க வரையலேன்னா வரிசையில ஆள் நிக்கறாங்க. ஃபைல் கலருக்குப் போயாச்சு. கரெக்‌ஷனை மட்டும் முடிச்சுக் குடுங்க."

வைத்துவிட்டார். எங்கே போய் முட்டிக்கொள்வது? செய்யாவிட்டால் வாடகைக்கு வழியில்லை. செய்தால் சென்னம்மா முகத்தில் எப்படி விழிப்பது? ஸ்டூலில் உட்காரவும் எழுந்திருக்கவுமாக இருந்தேன். ஃபைல் எனக்கு இன்னும் திறந்தது; அதில் நான் எழுதினால் மற்றவர்களுக்கும் தெரியும். படத்தின் மேலேயே தடிமனாக எழுதினேன்: 'இந்த மெஷினில் கவர் கிடையாது. விரல் போனது என் பக்கத்து வீட்டுக்காரிக்கு. கலர் கொடுப்பவரும் எழுத்து எழுதுபவரும் என்னைக் கூப்பிடுங்கள்.' கீழே என் நம்பர். ஸ்ரீராம் பார்த்தால் பார்க்கட்டும்.

முதலில் கூப்பிட்டவன் மத்திகிரியிலிருந்து அஸ்வின். "அக்கா, நான்தான் கலர். வெயில்ல வெளுத்த மாதிரி பண்ணச் சொன்னாரு. ஸ்டைலுன்னு நெனச்சிட்டேன்."

அடுத்து, தமிழும் கன்னடமும் எழுதுகிற முனிலட்சுமி. "மூலையில பழைய வருஷம் போடச் சொன்னாருக்கா. அப்பத்து டிசைனாம்."

ஒரு பொய்யை மூன்றாக நறுக்கி மூன்று வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். விபத்துக்குப் பிறகு வரைந்த படத்தை, முன்பே சுவரில் தொங்கியதாக ஆபீசருக்குக் காட்டப் போகிறார்கள். இருவரையும் ஒரே அழைப்பில் சேர்த்துச் சொன்னேன்.

"வேற ஆளை வெச்சு முடிச்சிருவாருக்கா," என்றான் அஸ்வின்.

"முடிக்கட்டும். நம்மள என்ன வரையச் சொன்னாருன்னு நாமளே போய்ச் சொல்லிருவோம்."

"அப்புறம் யாரும் வேலை குடுக்க மாட்டாங்க."

முனிலட்சுமி குறுக்கிட்டாள், "இப்ப மட்டும் குடுத்து வாழ வெச்சுட்டாரா? நான் வரேன்."

மறுநாள் காலை சென்னம்மாவின் கம்பெனி கேட் எதிரே டீக்கடையில் முதன்முறையாக ஒருவரையொருவர் பார்த்தோம். அஸ்வின் மணிக்கட்டிலும் துணி சுற்றியிருந்தது. நான் பெரிய தாளில் புதிதாக வரைந்து வந்திருந்தேன்: கவர் இல்லை, போல்ட் துளைகள், பெடலில் ரவிக்கைத் துணி.

என்னோடு வந்திருந்த சென்னம்மா படத்தை மேலும் கீழும் பார்த்தாள். "உங்க பேரு எங்க?"

எத்தனை சுவர்களுக்கு வரைந்திருப்போம். எங்களை யாரும் அப்படிக் கேட்டதில்லை. மூவரும் கையெழுத்துப் போட்டோம். சென்னம்மா பேனாவை இடது கையில் வாங்கி, கோணல் மாணலாகத் தன் பேரை எழுதினாள்.

ராத்திரி ஷிப்ட் முடிந்து வெளியே வந்த, பிரஸ் மெஷினில் வேலை செய்யும் கெம்பம்மா எங்களைப் பார்த்து நின்றாள். "நேத்து சாயங்காலம்தான் புதுக் கவர் மாட்டினாங்க. இனிமே அந்த மெஷின்ல நிக்கப் போறது நான். பேனாவைக் குடு." அவளுக்குப் பின்னால் வந்த இரண்டு பெண்களும் நின்றார்கள்.

என் போனில் ஸ்ரீராமின் செய்தி வந்தது: 'இனி வேலை கிடையாது.' போனை இடுப்பில் செருகினேன். ஆபீசரின் வண்டி கேட்டுக்குள் திரும்பியது. ஆளுக்கொரு ஓரமாகத் தாளைப் பிடித்துக்கொண்டு, சாலையைக் கடந்து நாங்களும் நடந்தோம்.