சுவருக்குள் இருந்த பானைகள்

ஒலிபெருக்கி என்று ஒன்று வருமென யாரும் கனவுகூடக் காணாத காலம். ஊர் நடுவே இருந்த கல் மண்டபத்தில் ஒரு பெண் கதை சொல்வாள். மெல்லிய குரல்தான், ஆனாலும் முந்நூறு பேருக்குக் கேட்கும். அவள் புருஷன் கொத்தனார். ஒருநாளும் கதை கேட்கப் போனதில்லை.

“வீட்டுல கேக்குறது பத்தாதா?” என்பார்.

மண்டபச் சுவரின் உயரத்தில் வரிசையாக வட்ட ஓட்டைகள். புறாக்கள் குடியிருந்தன. தூசியும் எச்சமும் கொட்டிக் கொட்டி அவளுக்கு இருமல் பிடித்துக்கொண்டது.

“ஏங்க, நெஞ்செல்லாம் வலிக்குதுங்க.”

“அந்தப் புறாவுக்கெல்லாம் நான் ஒரு வழி பண்றேன், இரு.”

மண்டபத்துக்கு வெள்ளையடிக்கும் வேலை அந்த வாரம் அவருக்குத்தான் வந்திருந்தது. சாரம் கட்டி ஏறினார். நாற்பது ஓட்டை. ஒவ்வொன்றிலும் சல்லியும் சுண்ணாம்புச் சாந்தும் திணித்து, முட்டை ஓடு மாதிரி வழவழவென்று பூசிவிட்டார். யாரையும் கேட்கவில்லை. ஓட்டையை அடைக்க எந்தக் கொத்தனார் யாரைக் கேட்பார்?

அடுத்த கதைக்கு இருமல் இல்லாமல் போய் நின்றாள்.

“தாயே, கொஞ்சம் சத்தமா!” என்றான் கடைசி வரிசையில் ஒருவன்.

“வாய் மட்டும் அசையுதுப்பா, மீன் மாதிரி!” என்றான் பக்கத்தில் இருந்தவன். கூட்டம் சிரித்தது.

கத்திச் சொன்னாள். ஐந்து நாள் அப்படியே கத்தினாள். ஐந்தாம் நாள் வாய் துடைத்த துணியில் ரத்தம்.

“வயசாயிடுச்சுங்க. குரல் போச்சு. வேற ஆளப் பாத்துக்கச் சொல்லிட்டு வந்துட்டேன்” என்றாள் கரகரவென்று.

அவளுக்கு ஆவி பிடிக்க ஒரு பானை வாங்கப் போனார் கொத்தனார்.

“யாருக்குத் தம்பி?” என்றார் பானைக்காரர்.

“வீட்டுக்காரிக்குண்ணே. மண்டபத்துல குரலே எழும்பலையாம்.”

“தங்கச்சிக்கா? எங்க தாத்தா அந்தச் சுவத்துக்குள்ள நாப்பது பானை வச்சிருக்காரேப்பா, வாய வெளியே காட்டி! மெல்லப் பேசினாலே போதும், அதுங்க வாங்கிக் கடைசி ஆள் வரைக்கும் கொடுத்துடும். இப்ப யாருக்கு அதெல்லாம் ஞாபகம்?”

“அந்த வட்ட ஓட்டையாண்ணே?”

“ஓட்டையா? பானையோட வாய்ப்பா அது!”

உளியோடு ஓடிப்போய்ச் சாரத்தில் ஏறினார். சாந்து கல்லாய் இறுகியிருந்தது. முதல் அடியிலேயே உள்ளே பானை உடைந்து, ஓடு ஓடாய்க் கொட்டியது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் கை வைக்கவில்லை.

வீட்டில் அவள் சுவரோரம் சாய்ந்திருந்தாள். எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார்.

இப்போது அந்தக் கரகரப்புக்கூட எழவில்லை; எத்தனை என்று விரலை விரித்துக் கேட்டாள்.

“எல்லாத்தையும். உனக்கு இருமல் நிக்கட்டும்னுதாம்மா அடைச்சேன்.”

அவள் உதடு அசைந்தது. வாயருகே காதைக் கொண்டுபோனார்.

“என் குரல் போகலையா, அப்போ?”

“அன்னிக்குப் போகல” என்றார்.