ஏழாவது அட்டை

1

இந்தக் கதை என் கையெழுத்தில்தான் தொடங்கியது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சிறப்புத் தேவை உள்ள இளைஞர்களுக்கு வேலை கற்றுத்தரும் ஒரு மையம், துண்டு மடிக்கும் முறையை அட்டைகளில் எழுதித் தரச் சொன்னது. எழுதுகிற ஆள்தானே, ஏழு வரிக்கு என்ன கஷ்டம் என்று அலட்சியமாக எழுதிக் கொடுத்தேன். ஆறு அட்டைகள் மடிப்புக்கு. ஏழாவது: ‘பத்து ஆனதும் அக்காவிடம் காட்டு. அக்கா சரி சொன்ன பிறகு அடுத்ததை எடு.’

2

அவள் ஒரு வெள்ளை மனம் கொண்ட—

(இல்லை. அவளுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும்.)

அந்த அட்டைகளைப் பார்த்து மடிக்கக் கற்றவள். வயது இருபத்திரண்டு. பேச்சு கொஞ்சம், பிடிவாதம் நிறைய. ஓரம் ஒரு விரல் பிசகினாலும் துண்டை உதறிவிட்டு முதலிலிருந்து மடிப்பாள். அன்று எத்தனை ‘சரி’ வாங்கினாள் என்று சாயங்காலம் அம்மாவிடம் சொல்லியாக வேண்டும். பயிற்சி அக்காவிடம் ஒரு நாளைக்குப் பதினைந்துவரை வாங்கியிருக்கிறாள்.

பிறகு ஒரு தங்கும் விடுதியின் சலவைப் பிரிவில் ஒரு மாதம் வேலை செய்து காட்டச் சொன்னார்கள். தேறினால் நிரந்தரம்.

3

ஜன்னல் இல்லாத அறை, ஒரு மேசை, கூடை நிறையத் துண்டுகள். சுவரில் ஏழு அட்டைகளும் ஒட்டியாயிற்று. முதல் நாள் பத்துத் துண்டு மடித்துவிட்டு, அடுக்கின் மேல் கையை வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். அக்கா இல்லை. அக்கா மையத்தில் இருந்தாள். இயந்திரங்கள் இரைந்தன. ஆட்கள் தள்ளுவண்டியோடு போனார்கள், வந்தார்கள். எல்லோரும் டீ குடிக்கப் போனபோதும் அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

மேற்பார்வையாளர் வந்து ஏன் சும்மா நிற்கிறாய் என்று கேட்டார். அடுக்கை அவர் பக்கம் நகர்த்தினாள். எடுத்துக்கொண்டு போய்விட்டார், ‘சரி’ சொல்லவில்லை.

(அவரைக் கொடுமைக்காரராக எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. நல்ல மனிதர். தலைக்கு மேல் வேலை, அவ்வளவுதான்.)

சில நாள் யாராவது வண்டியோடு வந்து, “சரி சரி, தள்ளு” என்பார்கள். அது போதும். உடனே அடுத்த பத்தை மடிப்பாள். சாயங்காலம் அம்மா கேட்டால் “ரெண்டு” என்பாள். கேட்கவே அம்மாவுக்குப் பயமாகிவிட்டது.

4

மூன்றாம் வாரம் மேற்பார்வையாளர் அம்மாவைப் போனில் கூப்பிட்டார். “பொண்ணு நல்லா மடிக்குதும்மா. ஆனா நடுநடுவுல அப்படியே நின்னுடுது. வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கலாம்.”

அம்மா மையத்துக்குச் சொல்ல, மையம் எனக்குச் சொல்ல, எனக்குச் சுருக்கென்றது. அவள் சோம்பேறி இல்லை. நான் எழுதியதை ஒரு வரி விடாமல் நம்பிய வாசகி இத்தனை வருடத்தில் அவள் ஒருத்திதான்.

5

முடிவு ஒன்று: மேற்பார்வையாளர் அட்டையைப் படித்துவிடுகிறார். வேலை நிரந்தரம். எல்லோரும் கைதட்டுகிறார்கள். (கைதட்டினால் அவள் காதைப் பொத்திக்கொள்வாள்.)

முடிவு இரண்டு: அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். வீட்டில் இருப்பதே நான்கு துண்டுதான். அவற்றை அவள்— எழுத வரவில்லை.

முடிவு மூன்று: நானே புதிதாக ஓர் ஏழாவது அட்டை எழுதுகிறேன். ‘பத்து ஆனதும் நீயே சரி சொல்லிக்கொள். அடுத்ததை எடு.’

இதை உண்மையாகவே எழுதினேன். பயிற்சி அக்காவிடம் பெருமையாகக் காட்டினேன். அக்கா அதை வாங்கிப் படித்தாள்.

“இத ஒட்டினா நிக்காம மடிப்பா. வேலையும் நிலைச்சிடும். அப்புறம் அந்த ரூம்ல நாள் பூரா அவகிட்ட யாரும் ஒரு வார்த்தைகூட பேச வேண்டியிருக்காது. பரவால்லையாங்க?”

அட்டையைத் திரும்ப வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

6

நாளை வெள்ளிக்கிழமை. புது அட்டை என் பையில் இருக்கிறது. பழையது சுவரில் இருக்கிறது. இரண்டும் என் கையெழுத்துதான், அதனால் என்னை நம்ப வேண்டாம்.

காலையில் அவள் பத்துத் துண்டு மடித்துவிட்டு, அடுக்கின் மேல் கையை வைத்து நிமிர்ந்து பார்ப்பாள். இதைப் படித்துக்கொண்டு இவ்வளவு தூரம் அவளோடு வந்தவர் நீங்கள்தான். கதவு திறந்துதான் இருக்கிறது. உள்ளே போய் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியாது. போங்கள், அவள் நின்றுகொண்டிருக்கிறாள்.