பெட்டி சீட்டு

1

“கதவ விடு மதினி, பள்ளிக்கூடத்துல மணி அடிச்சிருவாக!”

“அடிக்கட்டும்லே. பிள்ள எதுமேல உக்காந்திருக்கா, அதச் சொல்லு.”

“பெட்டிமேல. சீட்டு பத்தல, என்ன செய்யச் சொல்லுத? எல்லாப் பிள்ளைகளும்—”

“பெட்டியில என்ன இருக்கு?”

“—சண்ட போட்டுல்ல ஏறுதுக. என்ன இருக்கா? நல்லாக் கேட்ட போ! கட்டி வச்ச ஒனக்குத் தெரியாதது எனக்குத் தெரியுமா?”

இந்தக் கதை என்னிடம் இப்படித்தான் வந்தது, குரலாக. சாத்தூரிலிருந்து வரும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி இந்தச் சண்டையை இரண்டு குரலிலும் நடித்துக் காட்டினாள். மற்றவள் உச்சுக் கொட்டிக்கொண்டு வந்தாள். எனக்குக் கதை காது வழியாகத்தான் வரும். முகத்தையும் சேலையையும் பிற்பாடு நானாகத் தேடிக் கொடுக்க வேண்டும். முடிவு வருவதற்குள் அவர்கள் இறங்கிவிட்டார்கள்.

பெயர்கள் நான் வைத்தவை. மாரிசெல்வி பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். முனியராஜ் அவள் வீட்டுக்காரரின் தம்பி, பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான். வேனுக்குள் பெட்டிமேல் இருப்பது அவள் மகள் ஆர்த்தி, மூன்றாம் வகுப்பு. ஊர், அச்சங்குளம் போகிற பக்கத்தில் ஒன்று. (பெயரை எழுதமாட்டேன். எழுதினால், ‘ஓ, அந்த ஊரிலா’ என்று மற்ற ஊர்கள் நிம்மதியாகிவிடும்.)

2

தொடக்கம் எழுதிப் பார்த்தேன்.

அன்று கிழக்கே வானம் மத்தாப்புக் கொளுத்தினாற்போல—

வேண்டாம். அந்த ஊர் ஜனம் வானத்தைப் பார்ப்பது, மழை உண்டா, வேலை உண்டா என்று தெரிந்துகொள்ள மட்டும்தான். நேராகவே சொல்கிறேன்.

அன்று மழை மூட்டம். ஈரத்தில் வெடிமருந்து வேலை ஓடாது என்று கம்பெனி லீவு விட்டிருந்தார்கள். அதனால்தான் மாரிசெல்வி அந்த நேரத்துக்கு வீட்டில் இருந்தாள். மற்ற நாளில் பிள்ளை கண் விழிக்குமுன் அவள் கம்பெனி பஸ்ஸில் ஏறியிருப்பாள்.

சீசன் வந்துவிட்டால் அந்தத் தெருப் பெண்களுக்கு இரண்டு வேலை. பகலில் கம்பெனி. திரும்பி வந்தபின் வீட்டிலேயே மருந்துத் திரியைக் கட்டுக்கட்டாகக் கட்டி அட்டைப்பெட்டியில் அடுக்க வேண்டும். வீட்டில் வைத்து இதைச் செய்யக் கூடாது என்று அவர்களுக்கும் தெரியும், வேலையைக் கொடுக்கிற ஏஜெண்டு செல்வக்குமாருக்கும் தெரியும். ரோட்டில் சோதனை கூடியதிலிருந்து அவர் தன் வண்டியை அனுப்புவதில்லை. “பள்ளிக்கூட வேன யாரும் மறிச்சுப் பாக்க மாட்டாக” என்று முனியராஜிடம் பேசி வைத்தார்.

ஏற்பாடு இதுதான்: முனியராஜ் முதலில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, காலி வண்டியோடு திரும்பி வந்து, வாசல்களில் இருக்கும் பெட்டிகளை எடுத்துப் போக வேண்டும். அவன் சத்தியம் செய்யாத குறைதான். ஆனால் எதற்கு இரண்டு நடை? பெட்டியை வாசலில் வைத்த பெண்கள் எல்லாரும் கம்பெனிக்குப் போயிருப்பார்கள். பார்க்க யார் இருக்கிறார்கள்? பிள்ளைகள்தான்.

பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம். நெருக்கி அடித்து உட்காரும் வேனில், நடுவில் உயரமாக ஒரு தனி இடம். அதற்கு முறை வைத்துக்கொண்டார்கள். “நாளைக்கு எனக்குத்தான் பெட்டி சீட்டு!” என்று ஆர்த்தி முந்தின நாள் சாப்பிடும்போதுகூடச் சொன்னாள். வேனின் டூல்ஸ் பெட்டியாக இருக்கும் என்று நினைத்து மாரிசெல்வி இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள்.

காலையில் வேன் வந்த சத்தம் கேட்டு வாசலுக்கு வந்தாள். வாசலில் வைத்திருந்த பெட்டியைக் காணோம். வேனுக்குள் எட்டிப் பார்த்தால், மகள் ராணி மாதிரி வீற்றிருக்கிறாள். கீழே, தன் கிழிந்த பச்சைச் சேலைக் கரையால் தானே இழுத்து முடிச்சுப் போட்ட பெட்டி.

3

இங்கே எனக்கு இவள்மேல் சந்தேகம் வந்துவிட்டது. இத்தனை நாளும் நிஜமாகவே தெரியாதா?

“என்னைய நம்ப மாட்டீகளோ?” என்று மாரிசெல்வி என் பக்கமே திரும்பினாள்.

“நம்பத்தான் பாக்கேன். பெட்டி எந்நேரம் போகுதுன்னு ஒரு நாளாவது கேக்கத் தோணலயா?”

“இருட்டுல போயி இருட்டுல வாரவகிட்ட கேக்குற கேள்வியா இது? எங்க கம்பெனி பஸ்ல ஒருநா ஏறிப் பாருங்க. பெறகு உக்காந்து சந்தேகப்படுங்க.”

சரி. அவளைச் சந்தேகப்பட்டு எழுதிய பத்தியைக் கிழித்துப் போட்டேன்.

4

முடிவுகள் சில எழுதினேன்.

ஒன்று. ஓடைப் பாலத்தின் பள்ளத்தில் வேன் குலுங்குகிறது. உள்ளே பெட்டி உரசி—

மாட்டேன்.

இந்த வட்டாரத்தின் பெயரைச் சொன்னதும் கேட்கிறவர்கள் முகத்தைச் சோகமாக்கிக்கொண்டு தயாராகிவிடுகிறார்கள், எங்கே, எத்தனை பேர் என்று. இந்தக் கதையில் எதுவும் வெடிக்காது. பெட்டியைக் காட்டினால் வெடிக்க வைத்தாக வேண்டும் என்று கதை எழுதச் சொல்லித் தருகிறவர்கள் சொல்வார்கள், சொல்லட்டும். வேனில் இருக்கிற அத்தனை பிள்ளைகளும் சாயங்காலம் டிபன்பாக்ஸைத் தொலைத்துவிட்டு, முட்டியில் சிராய்ப்போடு வீடு வந்து சேரும். ஒரு பிள்ளை கருகினால்தான் அந்தப் பெட்டி அங்கே இருக்கக் கூடாது என்று உங்களுக்கு உறைக்குமென்றால், இந்த வரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உங்களுக்காக ஆர்த்தியைத் தரமாட்டேன்.

இரண்டு. அதிகாரி ஒருவர் வேனை மறிக்கிறார், பிடிக்கிறார், வேன் போலீஸ் ஸ்டேஷனில் நிற்கிறது. மறுநாள் பிள்ளைகள் லோடு லாரி ஓடுகிற ரோட்டோரமாய்ப் பையைச் சுமந்துகொண்டு நடக்கிறார்கள். செல்வக்குமார் வேறு வேன் பார்க்கிறார். (இதை முழுசாக எழுதினேன். படித்துப் பார்த்து எனக்கே எரிச்சலாக வந்தது.)

மூன்று. மாரிசெல்வி பெட்டியை இறக்கி வீட்டுக்குள் வைக்கிறாள். வேன் போகிறது. சுபம்.

இதைத்தான் வைத்துக்கொள்ள இருந்தேன். முனியராஜ் விடவில்லை.

5

மாரிசெல்வி மகளைத் தூக்கிக் கீழே விட்டாள். “எம் முறைம்மா! ஹரிபிரசாத்து மட்டும் நேத்தும் முந்தாநாளும் ரெண்டு தடவ இருந்தான்!” என்று பிள்ளை காலை உதைத்து அழுதது. அவள் காதில் வாங்காமல் பெட்டியை மெல்ல எடுத்து மார்போடு அணைத்துக் கொண்டுபோய், வேனுக்கு முன்னால் தெரு நடுவில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்தாள்.

“இன்னைக்குப் பெட்டி சீட்டு எனக்கு.”

“ஏட்டி கிறுக்கி… இல்ல, மதினி, எந்திரி. வீட்டுக்குள்ள கொண்டு போயி வையி.”

“வைக்க மாட்டேன்.”

“ஏன்? இம்புட்டு நாளும் ஒங் கட்டிலுக்கு அடியிலதான கெடந்துச்சு? அது மேலதான பிள்ள படுத்துச்சு? வீட்ல கெடந்தா மணக்கும், எம் வண்டியில ஏறுனா நாறுமோ?”

இந்த இடத்துக்கென்று அவளுக்கு ஒரு நீளமான பேச்சு எழுதி வைத்திருந்தேன். அவள் அதை வாங்கவில்லை.

“ஆமாலே. அதுவும் தப்புத்தான். ரெண்டையும் இன்னையோட நிறுத்துதேன். ஒன் ஏஜெண்டுட்ட போயிச் சொல்லு. அவரு பெட்டிய அவரு காருல, அவரு மடியில வச்சுக் கொண்டு போவட்டும்.”

“சொன்னா பெறகு வேல குடுப்பாரா?”

“குடுக்க மாட்டாரு.”

“கம்பெனிக் கூலி மட்டும் பத்துமா ஒனக்கு?”

“பத்தாது. பத்தலன்னு பொலம்பிக்கிட்டுக் கெடக்கேன். கேக்கதுக்கு எம் பிள்ள இருக்கணும்ல?”

முனியராஜ் ஆரனை அமுக்கினான். விடாமல் அமுக்கினான். வேனுக்குள் இருந்த பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் கூடவே கத்தின.

“நீ ஒருத்தி எறக்கிட்டா ஆச்சா? தெரு முச்சூடும் வாசல்ல பெட்டி கெடக்கு, பாரு!” என்றான்.

அவன் ஒன்றை மறந்துவிட்டான். கம்பெனி லீவு அவளுக்கு மட்டுமில்லை. ஆரன் சத்தத்துக்கு ஒவ்வொரு கதவாகத் திறந்தது. ஒவ்வொருத்தியாக வெளியே வந்து, பிள்ளைகள் நிறைந்த வேனையும், வாசலில் இருக்கும் தன் பெட்டியையும், தெரு நடுவில் உட்கார்ந்திருப்பவளையும் பார்த்தாள்.

அடுத்த வீட்டுச் சண்முகத்தாய்தான் முதலில் வந்தாள். இடுப்பில் பெட்டி. இன்னொரு கையில், தலையில் எண்ணெய் வழிய, பையைத் தூக்கிக்கொண்டு அவள் மகன் சூர்யபிரகாஷ்.

“என்னடி கூத்து இது? நீ வேலய விட்டா எங்க எல்லார் வேலயும்ல போகும்!” என்றாள். சொல்லிக்கொண்டே வந்தவள், வேனின் கதவுக்கும் மாரிசெல்விக்கும் நடுவில் நின்றுவிட்டாள்.

பஸ்ஸில் அந்தப் பெண் இதுவரைதான் சொன்னாள். சண்முகத்தாய் அடுத்து என்ன செய்தாள் என்று நான் எழுதிவிடலாம். எழுத எனக்குக் கை வலிக்காது. ஆனால் அவள் கையிலிருப்பதை நான் வாங்கி வைத்தால், அது அவள் வைத்ததாகாது. நீங்களும் அங்கேதான் நிற்கிறீர்கள். பார்த்துக்கொள்ளுங்கள்.

மாரிசெல்வி எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்:

“யக்கா, இந்த வண்டியில இனிமே ஒண்ணுதான் ஏறும். ஒங் கையில ரெண்டு இருக்கு. எத ஏத்தப் போற?”