மொழிபெயர்க்க மறுத்த அண்ணி

1

சாப்பாட்டு மேசையில் அண்ணி பாதியில் விட்ட ஒரு பேச்சிலிருந்து வந்தது இந்தக் கதை. "இன்னைக்கு ஒருத்தர் என்னை அக்கான்னு கூப்பிட்டாரு. காது கேக்காத மாதிரி உக்காந்திருந்தேன்" என்றாள். அண்ணன் சாப்பிடுவதை நிறுத்தினான். அதற்குமேல் அவள் சொன்னது கொஞ்சம்தான்; மிச்சம் என் கைச்சரக்கு.

அண்ணி தொழிலாளர் சட்ட ஆலோசகர். நாங்கள் பிழைக்க வந்த இந்த நாட்டில், பல நாட்டு ஆட்களை வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனங்கள் ஆளை எடுக்கும்போதும் அனுப்பும்போதும் அவளைக் கேட்டுக்கொள்ளும்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: நீதியின் தராசு அன்று அவள் கையில்—

(வேண்டாம். அவள் கையில் இருந்தது மூடி கழன்ற பேனா.)

அறையில் மூன்று பேர்: மேலாளர், அண்ணி, ஒரு வெல்டர். விஷவாயு இருக்கிறதா என்று உள்ளே காற்றைச் சோதிக்காமல் தொட்டிக்குள் இறங்க மாட்டேன் என்று சொன்னவர் அந்த வெல்டர். 'சொந்த விருப்பத்தில் விலகுகிறேன்' என்ற தாள், அவருக்குப் படிக்கத் தெரியாத மொழியில், அவர் முன்னால் கிடந்தது. வேலை போனால் விசாவும் போகும். மகளைப் பள்ளியில் சேர்த்த கையோடு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

மேலாளர் அண்ணியிடம், "உங்க பாஷைதானே, கொஞ்சம் சொல்லிடுங்களேன்" என்றார். (அவர் தமிழில் கேட்கவில்லை. கதைக்காகத் தமிழாக்கியது நான்.)

வெல்டரின் முகம் தெளிந்தது. "தமிழா அக்கா நீங்க? இதுல என்ன போட்டிருக்கு? கையெழுத்துப் போடலாமா?"

3

இந்த இடத்தில் அண்ணியை 'போடாதீங்க' என்று சொல்ல வைத்தேன். படித்துக் காட்டியதும் அவளுக்குச் சுருக்கென்றது. "நான் கம்பெனி ஆளு. அப்படிச் சொன்னா அவருக்கும் நல்லதில்ல, எனக்கும்..." முடிக்கவில்லை. நான் அந்த வரியை அடித்தேன்.

அவள் செய்தது இது. வெல்டரைப் பார்க்காமல், மேலாளரிடம் மேலாளரின் மொழியிலேயே பேசினாள். "நான் மொழிபெயர்க்க மாட்டேன். நான் உங்க தரப்பு. அவருக்குன்னு தனியா ஒருத்தரை வைங்க. புரியாம வாங்குற கையெழுத்து கோர்ட்டுல நிக்காது. உயிருக்குப் பயந்து மறுத்தவரை இப்படி அனுப்புறதும் நிக்காது."

அத்தனையும் நிறுவனத்துக்கான ஆலோசனை. அந்த அறையில் வெல்டரைக் காப்பாற்றக்கூடியதும் அது ஒன்றுதான். அதில் ஒரு சொல்கூட அவருக்குப் புரியவில்லை.

"நம்ம பாஷையில ஒரு வார்த்தை சொன்னா கொறஞ்சா போயிடுவீங்க?" என்றார் வெல்டர்.

அண்ணி பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேலாளர் தாளை எடுத்து உள்ளே வைத்தார்.

4

வெல்டரின் வேலை போகவில்லை. காற்றைச் சோதித்த பிறகே தொட்டியில் இறங்கினார். நிறுவன வாசலில் அண்ணியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

"கூப்பிட்டுச் சொல்லிடுங்களேன் அண்ணி."

"கம்பெனிக்குச் சொன்ன ஆலோசனையை வெளியில சொல்லக் கூடாது. உன்கிட்ட சொன்னதே தப்பு."

"அவரு உங்களைக் கல்நெஞ்சுக்காரின்னு நினைச்சுக்கிட்டு இருக்காரே?"

"நினைச்சுக்கட்டும்" என்று எழுந்து தட்டைக் கழுவப் போனாள். குழாய் வெகுநேரம் ஓடியது.

ஒரு முடிவில், வெல்டருக்கென்று புதிதாக வந்த மொழிபெயர்ப்பாளர் அவரிடம் உண்மையை— (மொழிபெயர்ப்பாளருக்கும் அது தெரியாதே.) இன்னொன்றில், மகள் வளர்ந்து வக்கீலாகி— (சினிமா.)

இரண்டையும் கிழித்துவிட்டேன். அண்ணி அடுத்த அறையில் இருக்கிறாள். இதற்கு முடிவு எழுத எனக்குக் கை வரவில்லை. நீங்கள் அந்த வெல்டரை எங்காவது பார்த்தால், சொல்வதா வேண்டாமா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வாய்க்கு யாரும் பூட்டுப் போடவில்லை.